எங்கட தொழிற்பயிற்சி நிலையத்தின்ரை இந்த வருச முன்னேற்றம்: எதை எண்ணிப் பாக்கிறது?

பரந்தன்_வாத்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்திலை ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலை வெல்டிங் படிப்பிக்கிறன். நிலையத்தின்ரை பேரை எழுதேல்லை, வன்னியிலை கன இடத்திலை இதே கதைதான்.

போன கிழமை பெற்றோர் கூட்டத்திலை இந்த வருசத்து முன்னேற்ற அறிக்கையை வாசிச்சவை. நல்ல விசயங்கள் கனக்க இருக்குது. பட்டறைக்குப் புதுக் கூரை போட்டாச்சு, மாரியிலை இனி இயந்திரங்களுக்கு மேலை தறப்பாள் போடத் தேவையில்லை. பழைய வெல்டிங் பெட்டியளுக்குப் பதிலா இன்வேட்டர் வெல்டிங் இயந்திரங்கள் வந்திருக்குது. கணினி அறைக்கு ஃபைபர் இணைப்புக் கிடைச்சிருக்குது. 2009இலை இந்த ஊர் எப்பிடிக் கிடந்தது எண்டு பாத்தவைக்குத் தெரியும் இதெல்லாம் சின்ன விசயமில்லை. கூரையில்லாத சுவருக்குள்ளை, மண் நிலத்திலை வாங்கு போட்டுப் படிப்பிச்ச ஆக்கள் எங்களிட்டை இப்பவும் வேலை செய்யினம்.

ஆனா அறிக்கையை வாசிச்சு முடிக்க ஒரு அம்மா எழும்பிக் கேட்டா: "என்ரை மகன் ஏன் படிப்பை இடையிலை விட்டவன் எண்டு இதிலை ஒரு இடத்திலையும் இல்லையே?" மேசையிலை இருந்த ஒருத்தரிட்டையும் பதில் இல்லை. வருச ஆரம்பத்திலை எத்தினை பேரைச் சேர்த்தது எண்டு அறிக்கையிலை இருக்குது. கடைசி மட்டும் எத்தினை பேர் படிச்சவை, இடையிலை போனவை ஏன் போனவை எண்டதுக்கு அந்தப் படிவத்திலை நிரலே இல்லை.

அதாலை இங்கை கேக்கிறன். படிச்ச ஆக்கள், பெற்றோர், வெளிநாட்டிலை இருந்து உதவி செய்யிற ஆக்கள், எல்லாரும் சொல்லுங்கோ. ஒரு பயிற்சி நிலையம் போன வருசத்தை விட இந்த வருசம் முன்னேறியிருக்குது எண்டு எதை வைச்சுச் சொல்லுறது?

---

முளங்காவில்_மைந்தன்

சேர், நான் இடையிலை நிண்ட ஆள். உங்கட நிலையம் இல்லை, வேறை இடம். மோட்டார் மெக்கானிக் படிச்சனான்.

பஸ்தான் காரணம். வகுப்பு பின்னேரம் நாலரைக்கு முடியும். ஜெயபுரம் பக்கத்தாலை முழங்காவிலுக்கு வாற பஸ் அதுக்கு முதலே போயிடும். அதை விட்டா பூநகரியாலை சுத்தித்தான் வரவேணும், வீட்டை வர எட்டரை ஒம்பது ஆகும். முதல் மாதம் சமாளிச்சன். பிறகு நாலு மணிக்கே கேட்டு வெளிக்கிட்டன். செய்முறை வகுப்பு எல்லாம் பின்னேரத்திலைதான் நடக்கிறது, எஞ்சினைப் பிரிக்கிறதைப் பாத்திட்டுப் பூட்டுறதைப் பாக்காமல் வெளிக்கிடுவன். வரவும் குறைஞ்சுது. கடைசியிலை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, நானே நிண்டிட்டன்.

ஏ9 றோட்டு ஓரத்திலை இருக்கிறவைக்கு இது விளங்காது. அவைக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ், 2013இலை இருந்து ரெயினும் ஓடுது. முழங்காவில், ஜெயபுரம், நாச்சிக்குடா பக்கமெண்டா கதை வேறை. 2022இலை எரிபொருள் இல்லாத நேரம் என்னோடை படிச்ச எங்கட பக்கத்துப் பெடியள் கனபேர் நிண்டவை. பிறகு ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை.

---

ஸ்காபரோ_வன்னியன்

வணக்கம் வாத்தியார். நாங்கள் இங்கை கனடாவிலை ஒரே ஊர் ஆக்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து, காலமான எங்கட பள்ளிக்கூட அதிபர் ஒருவரின்ரை நினைவா கிளிநொச்சியிலை ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கணினி அறை செய்து குடுக்க யோசிச்சிருந்தனாங்கள். காசும் ஓரளவு சேர்ந்திட்டுது. உங்கட பதிவை வாசிச்ச பிறகு கொஞ்சம் பொறுப்பம் எண்டு மற்றவைக்குச் சொல்லியிருக்கிறன்.

நான் இங்கை சென்ரெனியல் கொலிச்சிலை படிச்சனான். 1966இலை தொடங்கின கல்லூரி, ஒன்ராறியோவின்ரை முதலாவது பொதுக் கல்லூரி. ஸ்காபரோத் தமிழ்ப் பிள்ளையள் எத்தினையோ பேர் அதாலை மேலை வந்தவை. நான் படிக்கேக்கை பகல் முழுக்கப் பெற்றோல் நிலையத்திலை வேலை. பின்னேர வகுப்பு இருந்தபடியாலைதான் படிச்சு முடிச்சன். ஆங்கிலம் எழுத வராத நேரம் பக்கத்திலை இருந்து திருத்தித் தர ஒரு இடம் இருந்தது, கைச்செலவுக்கு இல்லாட்டிப் போய்க் கதைக்க ஒரு மேசை இருந்தது. கட்டடம் எத்தினை மாடி எண்டு இப்ப நினைவில்லை. அந்த மேசையிலை இருந்த மனுசியின்ரை முகம் நினைவிருக்குது.

வாத்தியார், கணினி அறை வேண்டாமெண்டா வேறை என்ன செய்யலாம் எண்டு வெளிப்படையாச் சொல்லுங்கோ.

---

கணக்குப்_பார்ப்பவன்

நான் தொழிற்பயிற்சித் துறையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மதிப்பீட்டாளராகவும் வன்னியெங்கும் போய் வந்திருக்கிறேன். மேலே எழுதியவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டடத்தையும் கருவியையும் இவ்வளவு இலேசாகத் தள்ளிவிட முடியாது.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நிலையத்தைப் பதிவு செய்வதும் கற்கைநெறிக்குத் தராதர அங்கீகாரம் கொடுப்பதும் அதன் பொறுப்பு. அங்கீகாரம் கேட்டால் அவர்கள் முதலில் பார்ப்பது பட்டறையின் இடவசதி, கருவிகள், போதனாசிரியரின் தகைமை. இவை இல்லையென்றால் பிள்ளைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இல்லை. உள்ளூர்ச் சான்றிதழை வைத்துக்கொண்டு கட்டாரிலும் வேலை எடுக்க முடியாது, கொழும்பிலும் எடுக்க முடியாது.

என்.வி.கியூ. ஏழு மட்டம் என்பது பலருக்குத் தெரியும். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மட்டம் 4 எடுத்தவர் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர் என்று பொருள். அப்படிப்பட்ட ஒருவரைப் பழைய கார்புரேற்றர் எஞ்சின் ஒன்றை மட்டும் வைத்து உருவாக்க முடியாது. நான் மதிப்பீட்டுக்குப் போன ஓரிடத்தில் பயிலுநர் எல்லோரும் கார்புரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டினார்கள். வெளியே கராஜுக்கு வருவது ஹைபிரிட் கார். பிழை காட்டும் ஸ்கானரை அவர்கள் கையால் தொட்டதே இல்லை. அந்தப் பிள்ளைகள் கடைசி நாள் வரை ஒழுங்காக வந்து படித்தவர்கள். அவர்களுக்குக் கருவியும் ஓர் உதவிதான்.

---

பரந்தன்_வாத்தி

ஐயா, கருவி வேணும் எண்டதிலை எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. கருவி வந்த பிறகு நடக்கிறதைச் சொல்லுறன்.

இன்வேட்டர் இயந்திரம் வந்தது எண்டு எழுதினன் எல்லோ? அது மூலதனச் செலவிலை வந்தது. வெல்டிங் குச்சி, கிரைண்டர் தட்டு, இரும்புத் துண்டு, கையுறை எல்லாம் மீண்டெழும் செலவு, அதாவது திரும்பத் திரும்ப வாற செலவு. ரெண்டுக்கும் வேறை வேறை ஒதுக்கீடு. இயந்திரம் திறக்கிற அண்டு படமெடுக்க எல்லாரும் வருவினம். குச்சி முடிஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு பிள்ளைக்கு நிமிர்த்தி வெல்டிங் பண்ணக் கை படியிறதுக்கு எத்தினை பக்கெற் குச்சி எரிக்கவேணும் எண்டு இந்த வேலை தெரிஞ்சவைக்குத் தெரியும். தொடக்கத்திலை இரும்பு உருகிக் கீழை வடியும், வரி ஒழுங்கா வராது, கையும் நடுங்கும். திரும்பத் திரும்பச் செய்தாத்தான் வரும். வருசக் கடைசி மாதங்களிலை நான் குச்சியைப் பாதியா முறிச்சுக் குடுக்கிறன். புது இயந்திரம் சும்மா நிக்குது.

வெளிநாட்டிலை இருந்து வாற உதவியும் பெரும்பாலும் இயந்திரமாத்தான் வருது. பேர் எழுதிப் பலகை அடிக்கலாம் எண்டதாலையோ தெரியாது. அண்ணை, உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனா இயந்திரத்தின்ரை விலையிலை ஒரு பங்கை அடுத்த மூண்டு வருசத்துக் குச்சிக்கும் திருத்த வேலைக்கும் எண்டு ஒதுக்கித் தந்தா அந்த இயந்திரம் உண்மையிலை வேலை செய்யும்.

இன்னொண்டும் சொல்லவேணும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகேக்கை ஒண்டு ரெண்டு பெடியள் பட்டறையிலையே நிப்பினம். "சேர், இதை முடிச்சிட்டு வாறம்" எண்டுவினம். ஆர்வமான பிள்ளையள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். பிறகு ஒருநாள் ஒரு பெடியன் முகமூடியைக் கழட்டிப்போட்டு நிலத்திலை இருந்திட்டான். காலமையும் சாப்பிடேல்லை, மத்தியானத்துக்கும் ஒண்டும் கொண்டு வரேல்லை. 12 மணி வெயிலிலை, தகரக் கூரைக்குக் கீழை, தோல் அங்கி போட்டுக்கொண்டு, வெறும் வயிறோடை நெருப்புக்கு முன்னாலை. இது பாதுகாப்புப் பிரச்சினை. இதையும் அந்த அறிக்கையிலை எழுதவேணும்.

---

வட்டக்கச்சி_அக்கா

வாத்தியார் தம்பி, எழுதினதுக்கு நன்றி. என்ரை மகள் உணவு பதனிடல் படிக்கப் போனவள். நான் தனியத்தான் பிள்ளையளை வளக்கிறன், ரெண்டு ஏக்கர் வயல், கொஞ்சம் கச்சான் போடுறன்.

படிப்பு ஆறு மாதம் நல்லாப் போச்சு. வேலைத்தளப் பயிற்சி எண்டு வரேக்கைதான் சிக்கல். கிளிநொச்சியிலை இடமில்லை, கொழும்புப் பக்கத்திலை ஒரு தொழிற்சாலைக்குப் போ எண்டு சொல்லிச்சினம். எங்கை தங்கிறது, ஆர் பாக்கிறது, அறை வாடகை ஆர் குடுக்கிறது? கடிதம் மட்டும் கையிலை தந்தவை. பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தெரியாத ஊருக்குத் தனிய எப்பிடி அனுப்புறது? வேலைத்தளப் பயிற்சி முடிக்காட்டிச் சான்றிதழ் இல்லையாம். அவ்வளவு நாள் படிச்சதும் அப்பிடியே நிண்டு போச்சு. இப்ப ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸிலை ஏறிப் போறாள். அந்தத் தொழிற்சாலையை நான் குறை சொல்லேல்லை, அவை வீட்டு வாசலுக்குப் பஸ் விடுகினம். படிக்கிற இடத்துக்கு அப்பிடி ஒரு பஸ் இருந்திருந்தா எண்டு நினைக்கிறன்.

அறிவியல் நகரிலை 2016இலை திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலை விடுதி இருக்குது, அதாலை தூர இடத்துப் பிள்ளையளும் வந்து படிக்கினம். சின்ன நிலையங்களுக்கு அந்த வசதி இல்லை. விடுதி கட்டத்தான் வேணும் எண்டில்லை. நம்பிக்கையான நாலு வீடுகளைப் பாத்துப் பொம்பிளைப் பிள்ளையளைத் தங்க வைச்சாலே காணும். வவுனியாவிலையோ யாழ்ப்பாணத்திலையோ பயிற்சி இடம் பிடிச்சுக் குடுக்க ஒரு ஆள் இருந்தாலும் காணும்.

---

புதுக்குடியிருப்பு_வாசகன்

கணினி அறை பற்றிக் கதைக்கிறபடியால் எழுதுகிறேன். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. 2009. செயற்கைக்கால் போட்டு நடப்பேன், வெயில் காலத்தில் வியர்த்துப் புண்ணாகிவிடும், அப்போது ஊன்றுகோல்தான்.

கணினி வன்பொருள் படிக்கலாம் என்று ஒரு நிலையத்துக்குப் போனேன். கணினி அறை மேல்மாடியில். கீழ்த்தளத்தில் அலுவலகமும் கூட்ட மண்டபமும். புதிதாகக் கட்டிய கட்டடம், சாய்தளம் இல்லை, மலசலகூடத்தில் பிடிக்கக் கம்பி இல்லை. வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வந்தன. வன்னியில் எழும்பிய கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியவை. கையையும் காலையும் இழந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற மண்ணில் இதைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோ அண்ணா, நீங்கள் எதைக் கட்டினாலும் கட்டுங்கள். படியில்லாமல் போகக்கூடியதாகக் கட்டுங்கள்.

---

வவுனியா_தாரிணி

நான் முடிச்ச ஆள், என்.வி.கியூ. மட்டம் 4, மின்னியல். எங்கட வகுப்பிலை நான் ஒருத்திதான் பெட்டை. இப்ப வவுனியாவிலை ஒரு கொம்பனியிலை வேலை, கூரைக்குச் சோலார் பூட்டுற குழுவிலை இருக்கிறன்.

நான் ஏன் முடிச்சன் எண்டு யோசிச்சுப் பாத்தா ஒரே ஒரு காரணம்தான். ரெண்டு நாள் வராட்டி எங்கட மிஸ் வீட்டை கோல் எடுப்பா. ஏசமாட்டா. "என்னம்மா, சுகமில்லையோ, பஸ்ஸுக்குக் காசில்லையோ?" எண்டு கேப்பா. அப்பா வருத்தமா ஆஸ்பத்திரியிலை இருந்த நேரம் நான் விடப் பாத்தனான். பிரதேச செயலகத்திலை ஆரைச் சந்திக்கவேணும், என்ன கடிதம் எடுக்கவேணும் எண்டு அவதான் சொல்லித் தந்தவ. அது அவவின்ரை வேலை இல்லை. அதுக்கெண்டு ஒரு ஆளை நியமிச்சிருந்தா மிஸ்ஸுக்குப் படிப்பிக்க நேரம் கிடைச்சிருக்கும்.

பிறகு சான்றிதழ். இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலை இருந்து ஆக்கள் வரவேணும், தமிழிலை மதிப்பிடக்கூடிய ஆள் கிடைக்கேல்லை எண்டு தள்ளித் தள்ளிப் போச்சு. அந்த இடைவெளியிலை எங்கட வகுப்பிலை பாதிப்பேர் வேறை வேறை வேலைக்குப் போட்டினம், ரெண்டு பேர் வெளிநாடு போட்டினம். எங்களுக்குத் தந்த கைந்நூலிலை சில பகுதி சிங்களத்திலை, மிஸ் இராத்திரி இருந்து மொழிபெயர்த்துக் கையாலை எழுதிப் படப்பிரதி எடுத்துத் தந்தவ.

மட்டம் 4ஓடை நிக்கத் தேவையில்லை எண்டதையும் பிள்ளையளுக்கு ஆராவது சொல்லவேணும். அதை வைச்சு 5க்குப் போகலாம், 6 முடிச்சா இரத்மலானையிலை இருக்கிற வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தாலை வந்தது அது. உயர்தரத்திலை பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி வராட்டி எல்லாம் முடிஞ்சுது எண்டு எங்கட சனம் இப்பவும் நினைக்குது. எனக்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது.

---

ஸ்காபரோ_வன்னியன்

வாசிச்சன், இங்கை மற்றவைக்கும் அனுப்பினன். ரெண்டு மூண்டு பேருக்குக் கணினி அறையை விட மனமில்லை. ஆனா பெரும்பாலான ஆக்கள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் குடுப்பம் எண்டுகினம். ஒரு கேள்வி. காசாக் குடுத்தா அது பிள்ளையின்ரை படிப்புக்குத்தான் போகுது எண்டு எப்பிடித் தெரியும்?

---

பரந்தன்_வாத்தி

சீசன் ரிக்கற்றை நிலையத்தாலையே எடுத்துக் குடுக்கலாம். சாப்பாட்டுக்கு, எங்கட வாசலிலை ஒரு அம்மா பார்சல் விக்கிறா, அவவோடை கணக்கு வைச்சு மாதக் கடைசியிலை குடுக்கலாம். வரவுப் பதிவோடை ஒப்பிட்டுப் பாத்தாச் சரி.

---

வட்டக்கச்சி_அக்கா

தம்பி, பார்சல் எடுக்கிற பிள்ளையளை ஒரு வரிசையிலையும் மற்றப் பிள்ளையளை இன்னொரு வரிசையிலையும் விடாதேங்கோ. எங்கட பிள்ளையளுக்கு ரோசம் கூட, பசியோடை இருந்தாலும் அந்த வரிசையிலை நிக்கமாட்டினம். குடுக்கிறதெண்டா முழு வகுப்புக்கும் குடுங்கோ, இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாமல் பிள்ளையின்ரை வங்கிக் கணக்கிலை போடுங்கோ.

படமும் எடுக்காதேங்கோ. மகள் ஓ/எல் படிக்கேக்கை ஒரு அமைப்பு சைக்கிள் குடுத்தது. அந்தப் படம் இப்பவும் முகநூலிலை கிடக்குது, பேரும் ஊரும் போட்டு. சைக்கிள் எப்பவோ கறள் பிடிச்சுப் போச்சு. அண்ணை, உங்கட காசுக்குக் கணக்குக் கேளுங்கோ, அது உங்கட உரிமை. பிள்ளையின்ரை முகத்தைக் கேக்காதேங்கோ.

---

ஸ்காபரோ_வன்னியன்

அக்கா, படம் கேக்கமாட்டம். இதை எங்கட ஆக்களுக்கு எழுத்திலை அனுப்புறன்.

---

கணக்குப்_பார்ப்பவன்

வாத்தியாருக்கு ஒரு யோசனை. அறிக்கைப் படிவத்தை மேலிடம் மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். கூடவே ஒரு பக்கம் நீங்களே எழுதி இணைக்கலாம், அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முதல் மூன்று மாதம் தாண்டியவர்கள் எத்தனை பேர், வேலைத்தளப் பயிற்சிக்குப் போனவர்கள், இறுதி மதிப்பீட்டுக்கு அமர்ந்தவர்கள், சான்றிதழ் கையில் கிடைத்தவர்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள். ஆண், பெண், வலுவிழந்தோர் என்று பிரித்து எழுதுங்கள். நின்றவர் ஒவ்வொருவருக்கும் காரணம் ஒரு சொல்லில். பஸ், சாப்பாடு, கடன், குடும்பம், கலியாணம், வெளிநாடு, எதுவானாலும்.

ஒரு வருடத்துக்கு எழுதினால் அது வெறும் புலம்பலாகத்தான் தெரியும். மூன்று வருடம் ஒரே முறையில் எழுதினால் எந்த இடத்தில் பிள்ளைகள் கழன்று போகிறார்கள் என்று யாருக்கும் தெரியும். குச்சிக்கு ஒதுக்கீடு கேட்கவும் அதுதான் ஆதாரம். மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் வெறும் வாய்ப்பேச்சை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், தாளைக் கொடுத்தால் கோப்பில் போடுவார்கள். நான் இருந்த பக்கம் அதுதான், எனக்குத் தெரியும்.

தாரிணி பிள்ளை சொன்ன மதிப்பீட்டுத் தாமதத்தையும் எழுதுங்கள். தமிழில் மதிப்பிடத் தகுதியானவர்கள் வடக்கில் இருக்கிறார்கள், பதிவு செய்யத்தான் ஆளில்லை. வேலை செய்கிற மூத்த தொழிலாளர்களை முன்கற்றல் அங்கீகாரம் (வேலையில் பழகிய திறமையை மதிப்பிட்டு ஏற்பது) மூலம் தகைமைக்குள் கொண்டு வந்து, பிறகு மதிப்பீட்டாளர் பயிற்சிக்கு அனுப்பலாம். அந்த வழி இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு.

---

பரந்தன்_வாத்தி

ஐயா, செய்யிறன். வரவுப் புத்தகம் எங்களிட்டை இருக்குது. நிண்ட பிள்ளையளின்ரை வீடுகளுக்குக் கோல் எடுத்துக் காரணம் கேக்கிற வேலையை நானும் இன்னொரு போதனாசிரியரும் பகிர்ந்து செய்யிறம்.

பஸ் விசயமா டிப்போவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுவம், பெற்றோரின்ரை கையெழுத்தோடை. பின்னேர பஸ்ஸை முக்கால் மணித்தியாலம் பிந்தி விட்டாலே போதும், புது பஸ் தேவையில்லை. மைந்தன் தம்பி, உங்கட பக்கத்து பஸ்ஸுகள் கிளிநொச்சியிலை இருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிடுகுது எண்டு எழுதி அனுப்பும். அதே கடிதத்திலை சேர்க்கிறன்.

தாரிணி பிள்ளை, ஒருநாள் எங்கட நிலையத்துக்கு வந்து பிள்ளையளோடை கதைப்பீங்களோ? பெட்டையள் மின்னியலுக்குச் சேர யோசிக்கினம், உங்களைப் பாத்தாச் சேருவினம்.

---

வவுனியா_தாரிணி

வாறன் சேர். சனிக்கிழமையெண்டா லீவு எடுக்கத் தேவையில்லை.

---

முளங்காவில்_மைந்தன்

நாளைக்குப் போய் ரைம்கீப்பரிட்டைக் கேட்டு எழுதுறன். சேர், ஒரு கேள்வி. நான் விட்ட இடத்திலை இருந்து திரும்பத் தொடரலாமோ, இல்லாட்டி முதலிலை இருந்து சேரவேணுமோ?

---

கணக்குப்_பார்ப்பவன்

தம்பி, என்.வி.கியூ. அலகு அலகாகத்தான் இருக்கிறது. செய்து காட்டக்கூடிய அலகுகளை மதிப்பீட்டுக்குக் கொடுக்கலாம். இப்போது ஏதாவது கராஜில் வேலை செய்கிறீர்கள் என்றால் முதலாளியிடம் அனுபவக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள், முன்கற்றல் அங்கீகாரத்துக்கும் அது உதவும். தனிமடலில் எழுதுங்கள், விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

---

புதுக்குடியிருப்பு_வாசகன்

வாத்தியார், உங்கள் நிலையத்தில் கணினி அறை எந்த மாடியில்?

---

பரந்தன்_வாத்தி

மேல்மாடியிலை. கீழை இருக்கிற கூட்ட மண்டபம் மாதத்திலை ஒருக்காத்தான் திறக்கிறது. ரெண்டையும் மாத்தச் சொல்லி வாற திங்கட்கிழமை பொறுப்பதிகாரியிட்டை எழுத்திலை குடுக்கிறன். வாசலிலை மூண்டு படி இருக்குது. சாய்தளத்துக்கு எங்கட கட்டட வேலை வகுப்புப் பிள்ளையளே கொங்கிறீற் போடுவினம், அவைக்கும் செய்முறைக்கு ஒரு வேலை வேணும். சரிவு எவ்வளவு இருக்கவேணும் எண்டு ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுவீங்களோ?

---

புதுக்குடியிருப்பு_வாசகன்

வருகிறேன். அளவு நாடாவோடு.